அ அல்லது ஆ

அடுத்தாப்புல பதினொண்ணு ஆ எழுது பிள்ளே என்று ஜெபமணி அண்ணாச்சி சொல்கிறார், என் கை எழுதாமல் நிற்கிறது. எழுதத்தான் வேண்டும். அவர் சொல்வதை எழுதுவதற்காகத்தான் என்னை அவருக்குப் பக்கத்தில் இந்த ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவருக்குக் கண் தெரியாது. முழுக்கத் தெரியாது என்றில்லை, வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நின்றால் நிழலாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. சர்க்கரை கண்ணுக்குள் ஏறி ரத்தம் கசிந்து, பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவரை டிப்போவுக்குள் லைட் டியூட்டிக்கு அனுப்பிவிட்டது. அதனால் கேள்வித்தாளைப் படித்துச் சொல்லவும் அவர் வாய்விட்டுச் சொல்லும் பதிலை விடைத்தாளில் எழுதவும் நான். பதினொன்று அ-வை இப்போதுதான் முடித்தோம், பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள், நன்றாகவே சொன்னார். ஆனால் பதினொன்று அ எழுதினால் பதினொன்று ஆ எழுதக் கூடாது. இரண்டில் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் சின்ன எழுத்தில் அல்லது என்று அச்சாகியிருக்கிறது, எறும்பு மாதிரி. பகுதி இரண்டின் தலையில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது, ஒவ்வோர் அலகிலிருந்தும் அ அல்லது ஆ என ஒரு வினாவுக்கு மட்டும் விடையளிக்கவும். அவருக்கு அது தெரியாது. அவர் அந்தக் காலத்துக் கேள்வித்தாளில் இருக்கிறார், பத்துக் கேள்வி கிடக்கும், எவையேனும் ஐந்து, பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம். கிளம்பிட்டியா பிள்ளே என்கிறார். என் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தத்தை வைத்துத்தான் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பதினொன்று, அதற்குப் பக்கத்தில் ஆ, எழுதிவிட்டேன். பாஸ்டில் சிறையின் வீழ்ச்சி. அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

நான் படித்தேனா. அந்த அல்லது-வை நான் வாய்விட்டுப் படித்தேனா இல்லையா. தாள் கைக்கு வந்ததும் தலைப்பிலிருந்துதான் ஆரம்பித்தேன், பாடத்தின் பெயர், நேரம், மொத்த மதிப்பெண், அதற்குள் அவர் கையை அசைத்து, தலைப்பெல்லாம் விடு பிள்ளே, எனக்குத் தெரியாததா, எத்தனை தடவ எழுதி எத்தனை தடவ போச்சு, நம்பரையும் கேள்வியையும் மட்டும் சொல்லு என்றார். நானும் நம்பரையும் கேள்வியையும் மட்டும் சொன்னேன். அல்லது நம்பரும் இல்லை, கேள்வியும் இல்லை. பகுதி இரண்டு வரும்போது பதினொண்ணு அ இது, பதினொண்ணு ஆ இது, பன்னெண்டு அ இது என்று சொன்னது காதில் இருக்கிறது. நடுவில் இன்னொரு சத்தம் இருந்ததா என்று தேடுகிறேன். சில சமயம் இருக்கிற மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை தேடினால் இல்லை. படித்திருந்தால் அவர் பிடித்திருப்பார், அவ்வளவு கூர்மையான காது, டிப்போவுக்குள் பஸ் நுழையும்போதே எந்த வண்டி, எவன் ஓட்டுகிறான் என்று சொல்கிற காது. அப்படியானால் நான் படிக்கவில்லை. ஜூலை பதினாலு, பாரிஸ் ஜனங்க எல்லாம் தெருவுல எறங்கிட்டாங்க என்கிறார். ஜூலை 14 அன்று பாரிஸ் நகர மக்கள் தெருவில் இறங்கினர் என்று எழுதுகிறேன்.

இதுவே தப்பா என்று முன்பெல்லாம் எனக்கு ஒரு பயம் உண்டு. அவர் எறங்கிட்டாங்க என்கிறார், நான் இறங்கினர் என்கிறேன். லூர்து அக்காவிடம் கேட்டதற்கு, அது ஒண்ணுமில்ல இசக்கி, அவர் சட்டைக்கு நீ இஸ்திரி போடுதே, சட்டை அவருதுதானே என்றார். லூர்து அக்காதான் எங்கள் மையத்தை நடத்துகிறார். பாதியில் விட்டுப்போன பட்டத்தை முடிக்க வருகிறவர்களுக்காகவே ஒரு மையம், சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு அறை. பிள்ளைப்பேற்றில் நின்றுபோனவர்கள் வருவார்கள், கல்யாணத்தோடு நின்றவர்கள், ஒரே ஒரு அரியரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டவர்கள். படியேறும்போதே செருப்பை வாசலில் விடலாமா என்று கேட்பார்கள், விட வேண்டியதில்லை, ஆனாலும் விடுவார்கள். மையத்தில் எல்லாரையும் சார் என்றோ மேடம் என்றோதான் கூப்பிட வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டிருக்கிறார். இவரைச் சார் என்றபோது, கண்டக்டரை எவளாவது சார்ன்னு கூப்பிட்டிருக்காளா, அண்ணாச்சின்னு சொல்லு, திரும்பிப் பாப்பேன் என்றார். இரண்டு மாதமாக அண்ணாச்சிக்கு நான்தான் பாடம் படித்துக் காட்டினேன். நெப்போலியன் எனக்கே மனப்பாடம். ஆனால் பழகிப் பார்க்க அவருக்குக் கொடுத்ததெல்லாம் அக்காவின் அலமாரியிலிருந்து எடுத்த பழைய கேள்வித்தாள்கள். அவர் படித்த காலத்துத் தாள்தானே அவருக்குச் சரியாக இருக்கும் என்று தேடித் தேடி எடுத்தோம். பாசத்தில் செய்தது. எல்லாத் தாளிலும் எவையேனும் ஐந்து. இப்போது தாளின் முறை மாறிவிட்டது, அது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

பாஸ்டில் வழி தவறிப் போய்க்கொண்டிருக்கிறது. சிறைக்குள்ள பெருசா கைதிங்க ஒண்ணும் கெடையாது என்கிறவர் அப்படியே திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் கூட்டம் கல்லெறிந்ததைப் பற்றிச் சொல்லப் பார்த்து, சீ அது வேண்டாம் அழிச்சிரு என்கிறார். எழுதியதை அடிக்கிறேன். ஒரு கேள்விக்கு ஐந்து மதிப்பெண், இந்தக் கேள்விக்கு என்ன எழுதினாலும் ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டே அவர் யோசிப்பதையும் நெற்றியைத் தேய்ப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய கேள்விகள் இருக்கிற பகுதி மூன்றைத்தான் முதலில் எழுதினோம், தெம்பு இருக்கும்போதே பெருசை முடிச்சிரணும் என்றார், அதில் ஒன்று நன்றாக வந்தது, ஒன்று பாதி, மூன்றாவதில் அவரே பெருமூச்சு விட்டார். குட்டிக் கேள்விகள் தேறும். ஆக பாஸாவதும் ஆகாததும் இந்தப் பகுதி இரண்டில் இருக்கிறது. இதில் இரண்டு கேள்வி வீணாய்ப் போனால் போயிற்று. இது பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிற சிறப்பு வாய்ப்பு, இதுதான் கடைசி, இதற்கப்புறம் அந்தப் பதிவு எண்ணே செத்துப்போகும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. மறுபடி முதலாமாண்டிலிருந்து யார் சேருவார்கள். சொல்லிவிட வேண்டும். ஒரே வார்த்தை. சொல்லக் கூடாது. அந்தப் பக்கம் கண்காணிப்பாளர் மேடம் உட்கார்ந்திருக்கிறார்.

இது தேர்வுக்கூடம் இல்லை, தாவரவியல் ஆய்வகம். வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறவர்களைத் தனி அறையில்தான் போடுவார்கள், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று. சுவரோரம் கண்ணாடிக் குடுவைகளில் என்னென்னவோ கிழங்கும் காளானும் வெளிறிப்போய் மிதக்கின்றன, மருந்து நாற்றம், கை கழுவுகிற தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் இருவருக்காக மட்டும் ஒரு கண்காணிப்பாளர், பர்வதவர்த்தினி மேடம், நெற்றியில் கோபிப் பொட்டு, மடியில் ஏதோ திருத்த வேண்டிய தாள்கள், தலை நிமிராமலே எல்லாவற்றையும் பார்க்கிற ஆள். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அவர் கேக்காம நீ ஒண்ணும் சொல்லக் கூடாது, தெரியுதா. முதல் பதிலில் நான் பழக்கதோஷத்தில் உம் என்றேன். கதை கேட்டு வளர்ந்த வாய், சொல்கிறவர் ஒரு வாக்கியம் முடித்தால் இந்தப் பக்கம் ஒரு உம் தன்னால் வந்துவிடும், உம் கொட்டாவிட்டால் கதை நின்றுபோகும். மையத்திலும் அப்படித்தான் பழகினோம், நான் எழுதி முடித்ததற்கு அடையாளமாக ஒரு உம், அவர் அடுத்த வரிக்குப் போவார். மேடம் பேனாவை மேசையில் தட்டினார். உம்னா சரின்னு அர்த்தம் ஆகுதும்மா, அவர் சொன்னது சரியா தப்பான்னு நீ சொல்றது மாதிரி, வேண்டாம். அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்து இருந்து, இப்போது தொண்டையில் ஏதோ வளர்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

வேறு ஊரில் ஒரு பெண்ணுக்கு நடந்ததாக லூர்து அக்கா சொல்வார். அவளும் என்னைப் போல எழுதப் போனவள்தான், எழுதச் சொன்னவர் தப்பாக ஒரு பதில் சொன்னபோது தலையை ஆட்டினாளாம், இல்லை என்று, அவ்வளவுதான், அவளுக்கே தெரியாமல் ஆட்டியிருக்கிறாள், அவருக்கு அது தெரிந்தும் இருக்காது, ஜன்னல் வழியாகப் பார்த்தவனுக்குத் தெரிந்தது. மால்பிராக்டிஸ் என்று எழுதி அந்த மனிதரின் தாளையே ரத்து செய்துவிட்டார்கள். என்னை என்ன செய்தாலும் பரவாயில்லை, இவர் தாளை அல்லவா கிழிப்பார்கள். ஆகவே சொன்னால் தாள் போகும், சொல்லாவிட்டால் பாஸ் போகும். இல்லை, சொன்னால் தாள் போகலாம், சொல்லாவிட்டால் பாஸ் கட்டாயம் போகும். இல்லை, கட்டாயம் என்று எப்படிச் சொல்வது, பகுதி மூன்றில் அந்தப் பாதிக் கேள்விக்குத் தாராளமான கை வாய்த்தால், குட்டிக் கேள்விகள் எல்லாம் சரியாக இருந்தால். கூட்டிப் பார்க்கிறேன், வரவில்லை. மறுபடி கூட்டுகிறேன். பன்னெண்டு அ என்கிறார் அண்ணாச்சி. அப்பாடா, அ. நெப்போலியனின் சீர்திருத்தங்கள். சட்டத் தொகுப்பு, வங்கி, பள்ளிக்கூடம், குதிரை மாதிரி போகிறார், எனக்குக் கை வலிக்கிறது, வலிக்கட்டும், இதற்கு முழு மதிப்பெண்ணும் போடலாம். இதோடு பதிமூணுக்குப் போங்க அண்ணாச்சி. மனசுக்குள் சத்தமாகச் சொல்கிறேன், அவருடைய காதுக்கு எட்டிவிடும் போல இருக்கிறது, மேடம் நிமிர்ந்து பார்ப்பதாக எனக்கு ஒரு பிரமை. பன்னெண்டு ஆ என்கிறார்.

கதவு திறந்தது. பறக்கும் படை. இரண்டு பேர், ஒருவர் கழுத்தில் அடையாள அட்டை, இன்னொருவர் கையில் தண்ணீர் பாட்டில். அண்ணாச்சியின் ஹால் டிக்கெட்டைப் பார்த்து, போட்டோவில் இருக்கிறவர் மீசையோடு இருக்கிறாரே என்றார்கள், மீசை ரிட்டையர் ஆயிட்டு சார் என்றார் அண்ணாச்சி, யாரும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, நீ என்ன படிச்சிருக்கே. ப்ளஸ் டூ. மேல படிக்கலையா. தலையை ஆட்டப் பார்த்து நிறுத்திக்கொண்டு, இல்லை என்றேன். எழுதிக் கொடுக்கிறவர் எழுதச் சொல்கிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் நான் படிக்காதது இங்கே ஒரு தகுதி. நான் எழுதி ஒரு பி.காம். பாஸாகியிருக்கிறது, இரண்டு பி.ஏ. பாஸாகியிருக்கிறது. என் கையெழுத்து பட்டதாரி, நான் இல்லை. நீயும் காலேஜுக்குப் போயிட்டா எனக்கு எழுத ஆள் யாருடி என்று லூர்து அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார், மறுநாளே எங்கிருந்தோ ஒரு சேர்க்கைப் படிவத்தை வாங்கி வந்து என் பக்கம் நகர்த்தி வைப்பார், இரண்டும் அக்காதான். வந்தவர்களில் ஒருவர் விடைத்தாளைப் புரட்டினார். அவர் கண்ணில் படும், பதினொன்று அ, பதினொன்று ஆ, அடுத்தடுத்த பக்கத்தில் அடிக்கோட்டோடு இருக்கிறது, அவர் சொல்லிவிட்டால், என்ன இது ரெண்டையும் எழுதியிருக்கீங்க என்று சும்மா கேட்டுவிட்டால் போதும், என் தலையிலிருந்து இறங்கிவிடும். பாருங்க சார். பாருங்க. கையெழுத்து நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டு ஆ, வியன்னா மாநாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். மெட்டர்னிக், சமநிலை, பழைய ராஜாக்களை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தது. கை பாட்டுக்கு எழுதுகிறது, நினைப்பு அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டது. போன வாரம் பாடம் படித்துக் காட்ட அவர் வீட்டுக்கே போயிருந்தேன், அவருடைய மகள் பியூலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அழைப்பிதழை எப்படி அடிப்பது என்று பேச்சு. பேருக்குப் பின்னால் என்ன போட என்று அச்சகத்துக்காரர் போனில் கேட்டார். அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டில் எல்லாருக்கும் பின்னால் எழுத்து எழுத்தாக வரிசை நிற்கிறது. அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க, இடம் விட்டு வையுங்க என்றார். உள்ளேயிருந்து அவருடைய சம்சாரம் செல்வராணி அத்தை, இதென்ன புதுசா, எங்க கல்யாணப் பத்திரிகையிலதான் இவருக்குப் பி.ஏ. போட்டாச்சே, எங்க அப்பா அதைப் பாத்துத்தானே கட்டி வச்சாரு என்றார். அப்போதும் அந்த ஒரு பேப்பர் நின்றுகொண்டுதான் இருந்தது. அண்ணாச்சியின் அப்பா போடச் சொன்னார், அடுத்த பரீட்சையில் முடித்துவிடுவான் என்று போட்டார்கள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் தபாலில் வந்த மார்க் ஷீட்டை அத்தைதான் வாங்கிப் பார்த்தார். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இவர் பேர் வீட்டில் மாறிப்போனது, அவ்வளவுதான். பி.ஏ. சாப்பிட வாங்க. பி.ஏ.க்கு ரசம் ஊத்தவா. பி.ஏ. வெளிய போகும்போது குப்பையை எடுத்துட்டுப் போகச் சொல்லுடி. பியூலாவும் சிரிப்பாள், அவரும் சிரிப்பார், அன்றைக்கும் சிரித்தார். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பாதிப் படியில் நின்று, அவ பத்திரிகையிலயாவது பொய் இல்லாம போடணும் பிள்ளே, இல்லேன்னா வெறும் பேரா போட்டுக்கிடுதேன் என்றார். அந்த விட்ட இடம் இப்போது அச்சகத்தில் வெறுமனே கிடக்கிறது. அதற்கு எதிரில் நான் ஒரு வார்த்தையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பேனாவை நிறுத்தினால் என்ன. வெறுமனே நிறுத்துவது. சத்தம் நின்றால் அவர் என்னாச்சு என்று கேட்பார், கேட்டுவிட்டால் நான் சொல்லலாம், கேக்காம சொல்லக் கூடாது என்றுதானே விதி. நிறுத்தினேன். என்னாச்சு பிள்ளே என்றார். வாயைத் திறந்தேன், மேடம் ஒரு தாளைத் திருப்பிய சத்தம், என்னாச்சு என்று கேட்டது கேள்வி கேட்டதாகுமா, என்னாச்சு என்றால் கை வலிக்கிறதா என்றும் ஆகலாம், நான் நிறுத்தினதே ஒரு சைகை, அந்தப் பெண் தலையை ஆட்டியதற்கும் நான் கையை நிறுத்தியதற்கும் என்ன வித்தியாசம். கை வலிக்குது அண்ணாச்சி என்றேன். கொஞ்சம் உதறிக்க தாயி என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீர் குடித்தார். உதறினேன். கோழை. வெள்ளைக் காகிதத்தில் என் கையெழுத்து அழகாக, நேராக, ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியாக, பதினைந்து அ, முதல் உலகப் போருக்கான காரணங்கள், அதுவும் முடிந்தது. நடுவில் பதிமூன்றும் பதினான்கும் தொடப்படாமல் கிடக்கின்றன, இத்தாலியும் ஜெர்மனியும் எனக்கு எப்பவுமே ஆகாது என்பார், அவற்றைத் தாண்டி வந்துவிட்டதில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அஞ்சு ஆச்சு, முடிஞ்சுது பிள்ளே, கட்டிரலாம் என்றார். அவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்திருக்கிறார்கள், அது இன்னும் மீதியிருக்கிறது. மேடம் விடைத்தாளைக் கட்டுகிற நூலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நூல் துளைக்குள் போய்விட்டால் பிறகு ஒன்றும் இல்லை. அது மட்டும்தான் தெரிந்தது. நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது, தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்தது, கேள்வித்தாளைக் கையில் எடுத்து, மையத்தில் படிப்பேனே அதே குரலில், பகுதி இரண்டு, ஒவ்வோர் அலகிலிருந்தும் அ அல்லது ஆ என ஒரு வினாவுக்கு மட்டும் விடையளிக்கவும் என்று படித்தேன். படித்து முடித்ததும் குழாய் சொட்டுவது கேட்டது. அண்ணாச்சியின் கை மேசையில் அப்படியே இருந்தது, விரல் மட்டும் மெல்ல உள்ளே மடங்கிற்று. மேடம் கையில் நூலோடு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

"இதைப் படிக்கச் சொல்லி நீங்க கேட்டீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். சொல்லுங்க அண்ணாச்சி. ஒருநாளும் பொய்யே சொல்லாத ஆளா நீங்க, செக்கிங் வரும்போது டிக்கெட் இல்லாத எத்தனை கிழவிகளை என் கூட வந்தவங்க என்று காப்பாற்றியிருப்பதாக நீங்களே சொன்னதுதானே. அவருடைய முகம் மேடத்தின் நிழல் நிற்கிற பக்கம் திரும்பியிருக்கிறது.

"இல்ல மேடம். நான் கேக்கல. பிள்ள தானா படிச்சிட்டு."

கிழியப் போகிற தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொண்டால் கிழிக்க முடியாது என்பது போல. மேடம் நூலைக் கீழே வைத்தார். விடைத்தாளை என் கைக்கடியிலிருந்து உருவி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார், அடிக்கோட்டில் விரலை வைத்தார், பிறகு அடுத்த அடிக்கோட்டில். முதல்லயே ஏன் இதை முழுசா படிக்கலை என்று கேட்டது என்னைத்தான். நான்தான் தலைப்பெல்லாம் வேண்டாம்னேன், அது மேல தப்பில்ல என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம்னு சொல்ல உங்களுக்கும் உரிமை கிடையாது, விட்டுட்டுப் படிக்க இவளுக்கும் உரிமை கிடையாது. கண்ணு தெரியிறவனுக்கு இந்தத் தாள்ல இருக்கிற எழுத்து பூரா கண்ணுல பட்டிருக்கும்லா? உங்களுக்கும் பூரா வந்து சேரணும். பதிலைத்தான் சொல்லக் கூடாதுன்னேன், கேள்வித்தாளைப் படிக்கக் கூடாதுன்னா சொன்னேன்? இப்பப் படிச்சது தப்பில்லம்மா. இவ்வளவு நேரம் படிக்காம இருந்ததுதான் தப்பு."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை, மடியில் தாளை வைத்துக்கொண்டு பழையபடி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வருகிறது, அழ நேரமில்லை. பதினொன்று ஆ என்று அவர் சொன்ன அந்த நிமிடமே படித்திருக்கலாம். அந்தப் பாஸ்டிலையும் வியன்னாவையும் எழுதிய நேரமெல்லாம் அவருடையது, நான் வாயைப் பூட்டிக்கொண்டு செலவழித்தது. என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது விதி என்று நினைத்தேனே, விதி அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் இருக்கு மேடம் என்று அண்ணாச்சி கேட்டார். வேகமா சொன்னா எழுதிரலாம் என்றார் மேடம். அப்போ பதினொண்ணுல ஒண்ணையும் பன்னெண்டுல ஒண்ணையும் வெட்டணும் என்ன என்று யாரையும் கேட்காமல் கேட்டுக்கொண்டார், நெற்றியைத் தேய்த்தார், எதை வெட்டணும் பிள்ளே என்று என்னைக் கேட்கவே இல்லை, கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். சரி, பதினொண்ணுல அ-வை என்று ஆரம்பித்தார். அ நல்ல பதில். அது போகக் கூடாது. சொல்ல முடியாது, ஆனால் எது முடியும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"வெட்டுறதுக்கு முன்னால ரெண்டையும் படிச்சுக் காட்டுதேன் அண்ணாச்சி."

வேண்டாம், நேரம் போவுது என்றார். எழுதினது உங்களுக்குப் பூரா வந்து சேரணும் என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மேடம் நிமிரவில்லை. படித்தேன், முதலில் காரணங்கள், பிறகு பாஸ்டில், ஏற்ற இறக்கமில்லாமல், ஒன்றைவிட ஒன்றைத் தூக்கிக் காட்டாமல், பஸ் வரும் நேரம் சொல்வது போல. பாஸ்டிலில் பாதி போனதும் கையைத் தூக்கினார். போதும், எந்தக் கிறுக்கன் சொன்னான் இதையெல்லாம், வெட்டு என்றார். குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பன்னிரண்டிலும் படித்துக் காட்டினேன், வியன்னாவை வெட்டச் சொன்னார், பழைய ராஜாக்களின் மேல் இன்னொரு கோடு. புதுப் பக்கம் திருப்பினேன். உள்ளங்கை ஈரத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தது.

பதிமூன்று அ, இத்தாலிய ஒருங்கிணைப்பில் கரிபால்டியின் பங்கு, அல்லது, பதிமூன்று ஆ, கிரிமியப் போரின் விளைவுகள் என்று படித்தேன். எனக்கு இத்தாலி ஆகாதுன்னு தெரியும்லா என்கிறார். பேனாவைத் தயாராக வைத்துக்கொள்கிறேன். இந்தப் பாடம் படித்துக் காட்டிய அன்றைக்கு அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார், தூங்குகிறார் என்று தெரிந்தும் நான் கடைசி வரைக்கும் படித்தேன், ஏதாவது ஒன்று உள்ளே போயிருக்குமா, தூக்கத்தில் போனது திரும்பி வருமா. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் அவருக்கு, ஆனாலும் மூடியிருக்கிறார். உதடு அசைகிறது. பதிமூணு அ, போடு என்கிறார். போட்டேன். செஞ்சட்டைக்காரங்க என்கிறார். செஞ்சட்டையினர் என்று எழுதினேன். அவங்களைக் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல போனான் என்கிறார், எழுதினேன், எங்கே போனான் என்பது எனக்குத் தெரியும், தீவின் பெயர் என் பேனா முனையில் நிற்கிறது, அது அங்கேயே நிற்கட்டும். மேடம் கடிகாரத்தைப் பார்க்கிறார். அண்ணாச்சி மூச்சை இழுத்து, அடுத்த வார்த்தைக்காக வாயைத் திறந்து வைத்திருக்கிறார்.